உங்கள் செயலியின் பெயர் யாருடையது?

பாரிஸில் டேவிட் பபாசியான், மாத்யூ மாலோ என்ற இருவர் நடத்திய மொபிகேம் என்ற சின்ன நிறுவனம், 2008-ஆம் ஆண்டின் முடிவில் ஐபோனுக்காக ஒரு விளையாட்டைக் கொண்டுவந்தது. பெயர் ‘எட்ஜ்’. அந்தரத்தில் தொங்கும் பாதைகளின் மேல் ஒரு கனசதுரத்தை விளிம்பு விளிம்பாக உருட்டிக்கொண்டு போக வேண்டும். ஆட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைத்திருக்காது. ஆப் ஸ்டோர் திறந்து சில மாதங்களே ஆகியிருந்த காலம் அது. ஒரு கணினியும் கொஞ்சம் திறமையும் இருந்தால் உலகம் முழுக்கக் கடை விரிக்கலாம் என்று ஆயிரக்கணக்கானோர் நம்பி இறங்கிய காலம். எட்ஜ் நல்ல விமர்சனங்களைப் பெற்றது, விருதுகளையும் வாங்கியது. 2009-இல் திடீரென்று அது கடையிலிருந்து காணாமல் போனது.

காரணம், அமெரிக்காவின் எட்ஜ் கேம்ஸ் நிறுவனத்தை நடத்திய டிம் லாங்டெல் கொடுத்த புகார். ‘எட்ஜ்’ என்ற சொல்லுக்கு வீடியோ கேம் துறையில் டிரேட்மார்க் உரிமை தனக்கே உண்டு என்றார் அவர். 1980-களில் பிரிட்டனில் கேம் நிறுவனம் நடத்தியவர். அந்தப் பெயரில் கேம்கள் வந்ததும் உண்மை. ஆனால் மொபிகேமின் கனசதுரத்தை அவருடைய பழைய கேம் என்று நினைத்து யாராவது வாங்கினார்களா என்ற கேள்வியை அந்தக் கட்டத்தில் யாரும் விசாரிக்கவில்லை. புகார் வந்தது, செயலி போனது. பிறகு சில முறை திரும்பி வந்தது, மறுபடியும் நீக்கப்பட்டது. பெயரை ‘எட்ஜி’ என்று மாற்றிக்கொள்ளக்கூட மொபிகேம் முன்வந்தது. அந்தப் பெயருக்கும் எதிர்த்தரப்பு விண்ணப்பம் போட்டுவிட்டதாக அன்றைய கேம் இதழ்கள் எழுதின.

சிக்கலை அவிழ்த்தது மொபிகேம் இல்லை. ‘மிரர்ஸ் எட்ஜ்’ என்ற கேமை வெளியிட்டிருந்த எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற ராட்சத நிறுவனத்துடனும் லாங்டெல் மோதினார். வழக்கு கலிஃபோர்னியாவின் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனது. 2010 அக்டோபரில் நீதிபதி வில்லியம் ஆல்சப் தடையாணை தர மறுத்தார். டிரேட்மார்க் அலுவலகத்துக்கு எட்ஜ் கேம்ஸ் கொடுத்த சான்றுகளில் மோசடி நடந்திருப்பதாகச் சந்தேகிக்கப் போதிய ஆதாரம் இருக்கிறது என்று தன் உத்தரவிலேயே எழுதினார். அதே மாதம் எட்ஜ் கேம்ஸ் சமரசத்துக்கு வந்து, தன் முத்திரைப் பதிவுகளை விட்டுக்கொடுக்க ஒப்புக்கொண்டது. அடுத்த ஆண்டு லண்டன் உயர் நீதிமன்றத்திலும், ‘எட்ஜ்’ என்ற பெயரில் இதழ் நடத்திய ஃப்யூச்சர் பதிப்பகத்திடம் லாங்டெல் தோற்றார்.

மொபிகேமுக்கு எதிராக நீட்டப்பட்ட உரிமை, ஒரு நீதிபதி உற்றுப் பார்த்ததும் நிற்கவில்லை. அப்படி உற்றுப் பார்க்க வைக்கும் பணம் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸிடம் இருந்தது. பாரிஸ்காரர்களிடம் இருந்தது கேம் மட்டும். ஒரு செயலியின் வாழ்நாளில் முதல் ஆண்டுதான் பொன்னான ஆண்டு. அதில் பெரும்பகுதியை அவர்கள் கடிதப் போக்குவரத்தில் கழித்தார்கள்.

பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. கடைகள் பல மடங்கு பெருத்துவிட்டன. ஆனால் தனியாளாகச் செயலி செய்யும் ஒருவருக்கு டிரேட்மார்க் புகார் வந்தால் நடக்கும் கதை பெரிதாக மாறவில்லை. அது ஏன் மாறவில்லை என்பதையும், மாற்ற முடியும் என்பதையும் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஒரு படிவம் போதும்

புகார் கொடுக்க என்ன வேண்டும்? ஆப்பிளிடமும் கூகுளிடமும் இணையப் படிவம் இருக்கிறது. முத்திரையின் பெயர், பதிவு எண், எந்த நாட்டில் பதிவு, எந்தச் செயலியின் மீது புகார் என்று நிரப்பி அனுப்பலாம். ஆப்பிள் அதை டெவலப்பருக்கு அனுப்பிவைத்து, இரு தரப்பும் நேரடியாகப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்கிறது. தீராவிட்டால் செயலியை நீக்க நேரலாம் என்ற எச்சரிக்கையும் கூடவே வரும். பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்பது நியாயமாகத்தான் ஒலிக்கிறது. ஆனால் பேச வேண்டிய இருவரில் ஒருவருக்கு வக்கீல் அலுவலகமே சம்பளத்துக்கு இருக்கிறது. இன்னொருவர் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு இரவில் செயலி எழுதுபவர். பேச்சு நீண்டால் செயலி போய்விடும் என்பது இருவருக்குமே தெரியும். அவசரம் ஒருவருக்கு மட்டும்தான்.

கடைகள் ஏன் இப்படி நடந்துகொள்கின்றன? அவர்களுக்கும் ஒரு பயம் இருக்கிறது. நியூயார்க் நகைக்கடை நிறுவனமான டிஃபனி, போலி நகைகள் விற்கப்படுவதாக ஈபே மீது வழக்குப் போட்டது. 2010-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஈபேக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. தன் தளத்தில் பொதுவாகப் போலிகள் இருக்கின்றன என்று தெரிந்திருப்பது மட்டும் ஒரு கடையைப் பொறுப்பாக்காது. இன்ன சரக்கு முத்திரையை மீறுகிறது என்று குறிப்பாகத் தெரிந்தும் தொடர்ந்து இடம் கொடுத்தால்தான் பொறுப்பு. கடைக்காரருக்கு இதில் ஒரு பாடம் ஒளிந்திருக்கிறது. குறிப்பான புகார் கைக்கு வந்த நொடியில் ஆபத்து தொடங்குகிறது. நீக்கிவிட்டால் ஆபத்து போய்விடும். நீக்கியது தவறு என்றால் இழப்பு டெவலப்பருக்கு; கடைக்கு எதுவும் இல்லை.

பதிப்புரிமையில் நிலைமை இப்படி இல்லை என்பதுதான் நாம் கவனிக்க வேண்டிய இடம். அமெரிக்காவின் 1998-ஆம் ஆண்டு டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டத்தில் எதிர் அறிவிப்பு என்று ஓர் ஏற்பாடு உண்டு. உன் படைப்பு நீக்கப்பட்டால், தவறாக நீக்கிவிட்டார்கள் என்று நீ எழுதிக் கொடுக்கலாம். புகார்தாரர் நீதிமன்றத்துக்குப் போகாவிட்டால் 10 முதல் 14 வேலை நாட்களுக்குள் தளம் அதைத் திரும்ப வைக்க வேண்டும். தெரிந்தே பொய்ப் புகார் கொடுத்தவர் நஷ்டஈடு கட்ட வேண்டிவரும். இந்தியாவிலும் 2013-ஆம் ஆண்டின் பதிப்புரிமை விதிகளில், 75-ஆவது விதி இதே திசையில் போகிறது. புகார் வந்தால் 36 மணி நேரத்துக்குள் தளம் முடக்க வேண்டும். 21 நாட்களுக்குள் புகார்தாரர் நீதிமன்ற உத்தரவு கொண்டுவராவிட்டால் தளம் திரும்பத் திறந்துவிடலாம்.

இந்த இரண்டு நாடுகளிலும் டிரேட்மார்க்குக்கு இப்படி எதுவும் இல்லை. எதிர் அறிவிப்பு இல்லை, நாள் கணக்கு இல்லை, பொய்ப் புகாருக்குக் கடையளவில் தண்டனை இல்லை. கதையை, படத்தை, நிரலைத் திருடியதாகக் குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சட்டம் ஒரு பதில் சொல்லும் வாய்ப்பை எழுதிவைத்திருக்கிறது. இரண்டு எழுத்து ஒத்துப்போனதாகக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு அது கிடையாது. இதை நான் ஒரு சட்ட நுணுக்கமாக நினைக்கவில்லை. சிறியவர்கள் தோற்பதற்கான காரணமே இதுதான்.

ஆப் ஸ்டோர் 2008 ஜூலையில் திறந்தது. அடுத்த மாதமே ‘டிரிஸ்’ என்ற இலவச விளையாட்டு டெட்ரிஸ் நிறுவனத்தின் புகாரால் வெளியேறியது. அதை எழுதிய இளைஞரே இறக்கிவிட்டார். வாதாடுவதற்கான பணமோ நேரமோ தன்னிடம் இல்லை என்று காரணம் சொன்னார். அந்த வழக்கில் டெட்ரிஸ் தரப்பு நீதிமன்றத்திலும் வென்றிருக்கலாம். ஆனால் அன்று முடிவு செய்தது வாதத்தின் வலிமை இல்லை.

மிட்டாய்க்கு உரிமை

2014 ஜனவரியில் இந்த விவகாரம் பரவலாகப் பொதுமக்கள் காதுக்கு எட்டியது. ‘கேண்டி க்ரஷ் சாகா’வை உருவாக்கிய கிங் நிறுவனம் 2013 பிப்ரவரியில் ‘கேண்டி’ என்ற ஒற்றைச் சொல்லுக்கே அமெரிக்காவில் டிரேட்மார்க் கேட்டிருந்தது. கேம் மென்பொருள் மட்டுமின்றி ஆடைகளும் அந்த விண்ணப்பத்தில் இருந்தன. டிரேட்மார்க் அலுவலகம் அதை ஆட்சேபங்களுக்காக வெளியிட்டது. அந்த ஆட்சேபக் காலம் முடிவதற்கு முன்பே ‘கேண்டி’ என்ற சொல் கொண்ட செயலிகளின் உரிமையாளர்களுக்கு ஆப்பிள் வழியாகக் கடிதங்கள் வரத் தொடங்கின.

அப்படிக் கடிதம் பெற்ற ஒரு செயலியின் பெயர் ‘ஆல் கேண்டி கேசினோ ஸ்லாட்ஸ் – ஜுவல் க்ரேஸ் கனெக்ட்: பிக் பிளாஸ்ட் மேனியா லேண்ட்’. பிரபலமான கேம்களின் சொற்களையெல்லாம் ஒரே வரியில் கோத்து, தேடுபவர்களை இழுக்கப் போட்ட வலை இது என்று கிங் சொன்னது. அந்தப் பெயரைப் படிக்கும் யாருக்கும் கிங் சொன்னதில் ஓரளவு நியாயம் தெரியும். அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஆனால் இந்தப் பழக்கத்தைக் கடைகளே வளர்த்தன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தன் கடையில் ஏறத்தாழ 65 சதவீதம் பதிவிறக்கங்கள் தேடலுக்குப் பின்பே நடக்கின்றன என்று ஆப்பிளே விளம்பரதாரர்களிடம் சொல்கிறது. விளம்பரத்துக்குக் காசில்லாத டெவலப்பருக்குப் பெயர்தான் விளம்பரப் பலகை. அதில் சொல்லை அடுக்காதவர் கண்ணிலேயே படமாட்டார். ஆப்பிள் பின்னாளில் பெயர் நீளத்தை முதலில் 50 எழுத்துகளாகவும் பிறகு 30 ஆகவும் குறைத்தது. அந்தக் கட்டுப்பாடு முதலிலேயே இருந்திருந்தால் பாதிச் சண்டைகள் பிறந்திருக்காது.

உண்மையான அநியாயம் வேறு இடத்தில் நடந்தது. ஆல்பர்ட் ரான்சம் என்ற அமெரிக்கர் 2010-இல் தனியாளாக ‘கேண்டிஸ்வைப்’ என்ற விளையாட்டை வெளியிட்டார். இறந்துபோன தன் தாயின் நினைவாக அதைச் செய்ததாகச் சொல்கிறார். அவரிடம் முறையான டிரேட்மார்க் பதிவும் இருந்தது. ‘கேண்டி க்ரஷ் சாகா’ வந்தது 2012-இல். தன் பெயரோடும் உருவத்தோடும் அது மிகவும் நெருங்கி வருகிறது, மக்கள் குழம்புகிறார்கள் என்று அவர் கிங்கின் பதிவை எதிர்த்து அலுவலகத்தில் மனுப் போட்டார். முன்னால் வந்தவர் அவர். சட்டப்படி அவர் கைதான் ஓங்கியிருக்க வேண்டும். கிங் என்ன செய்தது தெரியுமா? இருவருக்கும் முந்திய ‘கேண்டி க்ரஷர்’ என்ற இன்னொரு பெயரின் உரிமையை வேறொருவரிடமிருந்து விலைக்கு வாங்கியது. அதைக் காட்டி, இப்போது நானே மூத்தவன் என்று கேண்டிஸ்வைப்பின் பதிவை ரத்து செய்யச் சொல்லி மனு கொடுத்தது.

இதில் சட்டவிரோதம் எதுவும் இல்லை. பெயர் ஒரு சொத்து, சொத்தை விற்கலாம், வாங்கலாம். ஆனால் டிரேட்மார்க் எதற்காக இருக்கிறது என்ற கேள்விக்கு இது நேர் எதிரானது. வாங்குபவர் ஏமாறக் கூடாது என்பதற்காகத்தான் இந்தச் சட்டமே. பொருளை யார் செய்தார் என்று சொல்ல வேண்டிய முத்திரை, யாரிடம் அதிகப் பணம் இருக்கிறது என்று சொல்லத் தொடங்கிவிட்டது. ரான்சம் 2014 பிப்ரவரியில் கிங்குக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். அது பரவிய வேகத்தில் கிங்கின் பெயர் கெட்டது. அதே சமயம், டெக்ஸாஸ் மாநிலம் ஆஸ்டினில் ஸ்டோயிக் என்ற சிறு குழு செய்த ‘தி பேனர் சாகா’வின் பதிவையும் ‘சாகா’ என்ற சொல்லுக்காகக் கிங் எதிர்த்திருந்தது. கோபமடைந்த டெவலப்பர்கள் ‘கேண்டி ஜாம்’ என்று ஒன்றுகூடி, பெயரில் மிட்டாயைப் போட்டு ஏராளமான குட்டி கேம்களைச் செய்து குவித்தார்கள்.

பிப்ரவரி முடிவதற்குள் கிங் அமெரிக்காவில் ‘கேண்டி’க்கான விண்ணப்பத்தை விலக்கிக்கொண்டது, ஐரோப்பாவில் அதன் பதிவு தொடர்ந்தது. மார்ச் 26 அன்று நியூயார்க் பங்குச் சந்தையில் கிங் நுழைந்தது. ஏப்ரலில் ரான்சமுடனும் ஸ்டோயிக்குடனும் சமரசம் ஏற்பட்டது. பங்கு வெளியீட்டின் நேரத்தில் கெட்ட பெயர் வேண்டாம் என்ற கணக்கும் அதில் இருந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன். எப்படியானாலும் ரான்சமைக் காப்பாற்றியது ஊர் பேசிய பேச்சு. ஊர் பேசாத எத்தனையோ பேர் பெயரை மாற்றிக்கொண்டு அமைதியாகப் போயிருப்பார்கள்.

கொல்கத்தா சகோதரர்கள்

நம் நாட்டிலிருந்து ஒரு வழக்கு உண்டு. ஆப் ஸ்டோரில் நடந்ததில்லை, ஃபேஸ்புக்கில் நடந்தது. ஆனால் ஒரு கடை செய்வதற்கும் ஒரு நீதிமன்றம் செய்வதற்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வழக்கு எனக்குத் தெரியாது.

கொல்கத்தாவின் ரஜத், ஜயந்த் அகர்வாலா சகோதரர்கள் சொல் விளையாட்டுப் பைத்தியங்கள். ‘ஸ்கிராபிள்’ போன்ற ஆட்டத்தை இணையத்தில் ஆட ‘ஸ்கிராபுலஸ்’ என்று ஒன்றை உருவாக்கினார்கள். 2007-இல் ஃபேஸ்புக்குக்கு வந்ததும் அது பித்துப்பிடித்தது போலப் பரவியது. தினமும் சுமார் 5 லட்சம் பேர் ஆடினார்கள். ஸ்கிராபிள் என்ற பெயருக்கு இரண்டு உரிமையாளர்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் ஹாஸ்ப்ரோ. உலகின் மற்ற பகுதிகளில் மேட்டல். 2008 ஜூலையில் ஹாஸ்ப்ரோ நியூயார்க்கில் வழக்குப் போட, அந்த இரண்டு நாட்டு ஆட்டக்காரர்களுக்கும் ஸ்கிராபுலஸ் மூடப்பட்டது. அடுத்த மாதம் மேட்டல் கேட்டுக்கொண்டதால் ஃபேஸ்புக் அதை மற்ற நாடுகளிலும் முடக்கியது. இந்தியாவை மட்டும் விட்டுவைத்தார்கள், ஏனென்றால் தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்துகொண்டிருந்தது.

2008 செப்டம்பரில் நீதிபதி எஸ். ரவீந்திர பட் இடைக்காலத் தீர்ப்பு வழங்கினார். மேட்டல் இரண்டு உரிமைகளைக் கேட்டிருந்தது. ஒன்று பெயர், இன்னொன்று ஆட்டப் பலகையின் மீதான பதிப்புரிமை. ஸ்கிராபுலஸ் என்ற பெயர் ஸ்கிராபிளோடு குழப்பும் அளவுக்கு நெருங்கியிருக்கிறது, அதைப் பயன்படுத்தக் கூடாது என்று தடை விதித்தார். பலகையின் கட்டங்களும் ஆட்டத்தின் விதிகளும் யாருடைய தனி உடைமையும் இல்லை என்று பதிப்புரிமைக் கோரிக்கையை அந்தக் கட்டத்தில் ஏற்கவில்லை. சகோதரர்கள் பெயரை ‘லெக்சுலஸ்’ என்று மாற்றினார்கள். ஆண்டு முடிவதற்குள் ஹாஸ்ப்ரோவும் சமரசத்துக்கு வந்தது. லெக்சுலஸ் பிறகும் பல ஆண்டுகள் ஆடப்பட்டது.

அகர்வாலாக்கள் பெயர் விஷயத்தில் தோற்றார்கள், நியாயமான தோல்விதான். ஸ்கிராபிளின் புகழில் அந்தப் பெயர் சாய்ந்து நின்றது உண்மை. ஆனால் அவர்கள் செய்த ஆட்டம் பிழைத்தது. நீதிமன்றம் பெயரையும் பொருளையும் தனித்தனியாக எடுத்துப் பார்த்து, ஒன்றைக் கொடுத்து மற்றொன்றை மறுத்தது. கடையின் படிவத்தில் அந்த இரண்டுக்கும் இடையே கோடு போட ஆள் இல்லை. பெயர் மீது புகார் என்றாலும் நீக்கப்படுவது முழுச் செயலி. நட்சத்திர மதிப்பீடுகள், தேடலில் பிடித்த இடம், சந்தா கட்டியவர்களின் நம்பிக்கை எல்லாம் அதோடு போகும். புகார்கள் சேர்ந்தால் டெவலப்பரின் கணக்கே மூடப்படும் ஆபத்து உண்டு. புகாருக்கு உள்ளாகாத அவருடைய மற்றச் செயலிகளும் அப்போது தெருவுக்கு வந்துவிடும்.

பதில் சொல்லும் வசதி உள்ளவர்களுக்கு என்ன நடக்கிறது என்றும் பாருங்கள். ‘ஆப் ஸ்டோர்’ என்ற பெயரே தனக்குச் சொந்தம் என்று ஆப்பிள் 2011 மார்ச்சில் அமேசான் மீது வழக்குப் போட்டது. ஆப் விற்கும் கடையை வேறு எப்படிச் சொல்வது, இது பொதுச்சொல் என்று அமேசான் பதில் சொன்னது. 2013 ஜூலையில் ஆப்பிள் வழக்கைக் கைவிட்டது. அமேசானின் கடை அந்த இரண்டு ஆண்டுகளும் திறந்தேதான் இருந்தது. இந்தியாவில் போன்பேயும் பாரத்பேயும் ‘பே’ என்ற ஓசைக்காக ஐந்து ஆண்டுகளுக்கு மேல் மோதி, 2024 மே மாதம் சமரசமானார்கள். சண்டைக்கு நடுவிலும் அவர்களின் செயலிகள் கடையில் தொடர்ந்தன.

சிறியவர்களுக்கும் இது முடியும் என்பதற்கு ஒரு சான்று இருக்கிறது. ‘ப்ரிபேர்’ என்ற சமையல் திட்டமிடும் செயலியை நடத்தியது ஐந்து பேர் கொண்ட குழு. சின்னம் பேரிக்காய். 2020-இல் ஆப்பிள் அந்தச் சின்னம் தன் ஆப்பிளோடு குழப்பும் என்று டிரேட்மார்க் அலுவலகத்தில் ஆட்சேபம் தெரிவித்தது. 2021 பிப்ரவரியில் பேரிக்காயின் இலையின் வடிவத்தை மட்டும் கொஞ்சம் மாற்றிக்கொள்வது என்று முடிந்தது. ஆப்பிளின் ஆட்சேபம் நியாயமே இல்லை என்பது என் கருத்து. என்றாலும் சண்டை அலுவலகத்தின் நடைமுறைப்படி நடந்தது, பதில் சொல்ல நாள் கிடைத்தது, செயலி தொடர்ந்து விற்றது.

பெயர் சிறியவருக்கும் கவசம்

இதையெல்லாம் படித்துவிட்டு டிரேட்மார்க் என்பதே பெரியவர்களின் ஆயுதம் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். 2022 ஜனவரியில் ஜோஷ் வார்டில் என்பவரின் ‘வேர்டில்’ இணையத்தில் உலகப் புகழ் பெற்றது. அவர் அதை இலவசமாகக் கொடுத்தார், செயலியாக வெளியிடவே இல்லை. சில நாட்களில் அதே பெயரில், அதே ஆட்டத்தோடு ஆப் ஸ்டோரில் நகல்கள் முளைத்தன. சந்தா வசூலித்த நகலும் இருந்தது. எதிர்ப்புக் கிளம்பிய பிறகு ஆப்பிள் அவற்றை நீக்கியது. அதே கடையில், பல ஆண்டுகளுக்கு முன்பே வேறொரு இளைஞர் வேறொரு சொல் விளையாட்டுக்கு நேர்மையாக வைத்த பெயரும் ‘வேர்டில்’தான். திடீரென்று பதிவிறக்கங்கள் குவிந்தபோது, அந்தப் பணத்தை ஓர் அறக்கட்டளைக்குக் கொடுக்க முன்வந்தார் அவர். ஒரே பெயர், ஒரு பக்கம் திருடர்கள், மறு பக்கம் யோக்கியர். பெயரை மட்டும் ஒப்பிடும் இயந்திரத்துக்கு இருவரும் ஒன்றுதான்.

இன்னும் வலிக்கும் கதை வியத்நாமுடையது. ஹனோயின் டோங் நுயென் தனியாளாகச் செய்த ‘ஃப்ளாப்பி பேர்ட்’ 2014-இன் தொடக்கத்தில் உலகின் முதலிடத்தில் இருந்தது. புகழின் சுமை தாங்காமல் பிப்ரவரியில் அவரே அதைக் கடையிலிருந்து எடுத்தார். ஏறத்தாழப் பத்தாண்டுகள் கழித்து, அந்தப் பெயர் பயன்பாட்டில் இல்லை என்று வேறொரு நிறுவனம் அமெரிக்க டிரேட்மார்க் அலுவலகத்தில் மனுப் போட்டது. நுயென் பதில் தரவில்லை, பெயர் கைமாறியது. 2024 செப்டம்பரில் புதிய ‘ஃப்ளாப்பி பேர்ட்’ அறிவிக்கப்பட்டபோது, எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, நான் எதையும் விற்கவில்லை என்று அவர் எக்ஸ் தளத்தில் எழுத வேண்டியிருந்தது. பதிவு செய்தால் போதாது, காக்கவும் வேண்டும்.

நம் சட்டத்தில் என்ன இருக்கிறது

இந்தியாவில் செயலி செய்பவருக்கு 1999-ஆம் ஆண்டின் டிரேட்மார்க் சட்டத்தில் பலரும் அறியாத துணைகள் உண்டு. மிக முக்கியமானது 142-ஆவது பிரிவு. அடிப்படையில்லாமல் டிரேட்மார்க் மிரட்டல் விடுக்கும் ஒருவர் மீது, மிரட்டப்பட்டவரே வழக்குப் போடலாம். மிரட்டலை நிறுத்தச் சொல்லவும் நஷ்டஈடு கேட்கவும் முடியும். மிரட்டியவர் உடனே முறையாக மீறல் வழக்குத் தொடர்ந்தால் இந்தப் பிரிவு நகர்ந்துவிடும் என்பது உண்மை. ஆனாலும் அதன் பொருள் என்னவென்றால், சட்டம் எதிர்த்தரப்பைப் பார்த்து, நீதிமன்றத்துக்கு வா, இல்லையென்றால் வாயை மூடு என்கிறது. கடைகளின் படிவத்தில் இல்லாத ஒழுங்கு அது.

34-ஆவது பிரிவு, எதிர்த்தரப்பு ஒரு பெயரைப் பயன்படுத்தத் தொடங்கியதற்கும் பதிவு செய்ததற்கும் முன்பிருந்தே தொடர்ந்து அதைப் பயன்படுத்தி வருபவரைக் காக்கிறது. கடையில் முதல் வெளியீட்டுத் தேதி, பழைய பதிப்புகளின் வரலாறு, விளம்பர ரசீது, பயனரின் பழைய மின்னஞ்சல் எல்லாம் அதற்குச் சான்று. 9-ஆவது பிரிவு, பொருளின் தன்மையைச் சொல்லும் வெறும் விவரணைச் சொற்களைப் பதிவுக்கு உகந்ததல்ல என்கிறது. 35-ஆவது பிரிவு அத்தகைய சொற்களை நேர்மையாகப் பயன்படுத்துபவரைத் தடுக்கக் கூடாது என்கிறது. பிளே ஸ்டோரில் ‘தமிழ் காலண்டர்’ என்ற சொற்களோடு எத்தனை செயலிகள் என்று தேடிப் பாருங்கள். அந்த இரண்டு சொற்களையும் யாரும் பூட்டி வைக்க முடியாது என்பதுதான் இதன் பொருள். சென்னை உயர் நீதிமன்றமே 2010-இல், பாரத் மேட்ரிமொனி நடத்திய நிறுவனத்துக்கும் கூகுளுக்கும் நடந்த வழக்கில், விவரிக்கும் சொற்களைச் சேர்த்து அமைத்த பெயர்களை விளம்பரச் சொற்களாகப் பயன்படுத்துவதற்கு இடைக்காலத் தடை தர மறுத்தது.

பதிவுக் கட்டணம் தனியாள், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனங்களுக்கு இணையவழியில் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. மென்பொருளுக்கு 9-ஆவது வகுப்பு, மென்பொருள் சேவைக்கு 42, விளையாட்டு, கல்வி போன்றவற்றுக்கு 41. பதிவு பத்தாண்டு நிற்கும், புதுப்பிக்கலாம். சென்னை கிண்டியிலேயே பதிவகக் கிளை இருக்கிறது. ஒரு பெயர் டிரேட்மார்க் இதழில் வெளியானால் நான்கு மாதங்களுக்குள் யார் வேண்டுமானாலும் ஆட்சேபிக்கலாம். ‘கேண்டி’ போல ஒரு பொதுச்சொல்லை யாராவது வளைத்துப் போடப் பார்த்தால் தடுக்க வேண்டிய நேரம் அந்த நான்கு மாதங்கள்தான். டெவலப்பர் சங்கங்கள் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு ஒரு வக்கீலை அந்த இதழைப் படிக்க வைத்தாலே பல சண்டைகள் முளையிலேயே கிள்ளப்படும்.

புகார் வந்துவிட்டால்? முதல் நாளே பதில் எழுதுங்கள், கடைக்கும் நகல் போகட்டும். பேசாமல் இருப்பதுதான் ஒருவரைத் தோற்கடிக்கிறது. பதிவு எண்ணைக் கேளுங்கள். அது எந்த நாட்டில், எந்த வகுப்பில், பதிவு முடிந்ததா இல்லை வெறும் விண்ணப்பமா என்று அரசுத் தளத்தில் நீங்களே பாருங்கள். ஓட்டலுக்குப் பதிவான பெயர் உங்கள் கணக்குச் செயலியைத் தானாக முடக்கிவிடாது. ஜெர்மனியில் மட்டும் பதிவான பெயருக்காக உலகம் முழுக்க இறங்க வேண்டியதில்லை. அந்த நாட்டு மொழிக்கான பக்கத்தில் பெயரை மாற்றவோ, அந்த ஒரு நாட்டில் மட்டும் விற்பனையை நிறுத்தவோ இரண்டு கடைகளிலும் வசதி உண்டு. ஜெர்மனியின் ராவன்ஸ்பர்கர் நிறுவனம் அங்கே தன்னிடமிருந்த ‘மெமரி’ முத்திரையைக் காட்டி ஆப் ஸ்டோரில் புகார் கொடுத்தபோது, அட்டைகளை நினைவில் வைத்து ஜோடி சேர்க்கும் விளையாட்டுகளைச் செய்த பலர் இந்த முடிவைத்தான் எடுக்க வேண்டியிருந்தது. எதிரி சொல்வதில் நியாயம் இருந்தால் பெயரை மாற்றிவிடுவதிலும் வெட்கமில்லை. லெக்சுலஸ் அப்படித்தான் வாழ்ந்தது.

ஆனால் இதையெல்லாம் தனியாளின் தலையில் கட்டிவிட்டுக் கடைகள் விலகி நிற்பதை நான் ஏற்கவில்லை. விற்பனையில் பங்கு எடுப்பவர்கள் விற்பவருக்கு ஒரு விசாரணையாவது தர வேண்டும். முடியாது என்று இனி அவர்கள் சொல்லவும் இயலாது, ஏனென்றால் ஐரோப்பாவில் ஏற்கெனவே தரக் கடமைப்பட்டிருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம் 2024 பிப்ரவரி 17 முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. ஆப் ஸ்டோரும் கூகுள் பிளேயும் அதன்படி மிகப் பெரிய தளங்களாக 2023-லேயே அறிவிக்கப்பட்டவை. எதையாவது நீக்கினால் என்ன காரணம் என்று எழுதித் தர வேண்டும். நீக்கப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் கட்டணமில்லாமல் முறையிடலாம். அதை இயந்திரம் மட்டும் முடிவு செய்யக் கூடாது, மனிதர் பார்க்க வேண்டும். நீதிமன்றத்துக்கு வெளியே ஒரு சுயேச்சையான அமைப்பிடமும் போகலாம். அடிக்கடி ஆதாரமற்ற புகார் கொடுப்பவரின் புகார்களைத் தளம் எச்சரித்து நிறுத்திவைக்க வேண்டும். இவை டிரேட்மார்க் புகார்களுக்கும் பொருந்தும்.

லியோனில் செயலி செய்யும் ஒருவருக்குக் கிடைக்கும் இந்த உரிமை கோயம்புத்தூரில் செய்பவருக்கு ஏன் கூடாது? நிறுவனம் ஒன்றே, கடை ஒன்றே, படிவமும் ஒன்றே. இந்தியாவின் தகவல் தொழில்நுட்ப விதிகளில் குறைதீர் அலுவலர் இருக்கிறார், அவர் முடிவில் பாதிக்கப்பட்டவர் 30 நாட்களுக்குள் முறையிட அரசு அமைத்த மேல்முறையீட்டுக் குழுவும் 2023 முதல் இருக்கிறது. செயலியை இழந்தவர்கள் அந்தக் கதவையும் தட்டிப் பார்க்க வேண்டும். அதோடு, பதிப்புரிமைக்குத் தந்த 21 நாள் ஏற்பாட்டை டிரேட்மார்க்குக்கும் இதே விதிகளில் சேர்க்கச் சொல்லி மின்னணு அமைச்சகத்திடம் கேட்க வேண்டும்: புகார் வந்தால் டெவலப்பருக்கு முதலில் பதில் சொல்ல நாள், பதில் சொன்ன பிறகு புகார்தாரர் குறித்த நாட்களுக்குள் நீதிமன்றம் போகாவிட்டால் செயலி இருந்த இடத்தில் இருக்கும். விதிகளைத் திருத்தும் அதிகாரம் அமைச்சகத்திடமே இருக்கிறது. நாடாளுமன்றத்தில் புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.